ஷோபா கடைசியாகச் சொன்னது

நீலசந்திராவில் வேதநாயகி வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டிவிடுவார்கள். கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை, கொஞ்சம் துடுக்கான வாய். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அரை நாள் லீவு போட்டுவிட்டு, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு மெடிக்கல் காலேஜுக்குப் போவாள். அங்கே முதல் வருஷப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, தன் மகள் செத்த கதையைச் சொல்வாள்.

தொண்ணூற்றாறில் ஷோபா போனாள். ஒன்பது வயது. காய்ச்சலென்று தூக்கிக்கொண்டு போன குழந்தையை, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரிலேயே போட்டு வைத்திருந்தார்கள். பட்டவர்கள் வாயால் கேட்டால்தான் டாக்டராகப் போகிறவனுக்கு இரக்கம் வரும் என்று நம்பிய பேராசிரியர் ஸ்ரீகண்டன், இரண்டு வருஷம் கழித்து அவளைத் தேடி வந்தார். நல்ல மனுஷர். அதுதான் வினையாகப் போயிற்று.

முதல் வருஷம் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். டாக்டர் வந்து நின்றபோது ஷோபா அம்மாவின் முந்தானையை இழுத்து ஏதோ ஒரு சின்ன விஷயம் சொன்னாள். டாக்டர் முகத்தைச் சுளித்தார். "சும்மா இருடி, டாக்டர் பேசறாருல்ல" என்று வேதநாயகி குழந்தையின் வாயைப் பொத்தினாள். அப்புறம் ஷோபா பேசவேயில்லை.

வகுப்பு முடிந்ததும் ஸ்ரீகண்டன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வாயப் பொத்தினத சொல்ல வேண்டாம்மா. பசங்க உங்க மேல தப்புன்னு நெனச்சுப்பாங்க. தப்பு எங்க மேலதானே?"

கேட்டதும் அவளுக்கு மூச்சே லேசானது. பாவி, அந்த ஆறுதலுக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்தியதை விட்டால், மறு வருஷம் அந்த இடத்தில் வேறு ஏதாவது வேண்டுமே. "'அம்மா, வீட்டுக்குப் போலாம்'னு சொல்லுச்சு சார்" என்றாள். முன் வரிசைப் பெண்கள் விம்மி அழுதார்கள். அதுவே நிலைத்துவிட்டது, வீட்டிலும்கூட. பொய்யை வெளியே சொல்லும் முன், மகள் நிஜமாகச் சொன்னதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொள்வாள். அது தனக்கு மட்டும்.

எட்டாவது வருஷம் கதையில் அந்த இடத்துக்கு வந்து மனசுக்குள் தேடினாள். ஒன்றுமே இல்லை. வாயடைத்து நின்றாள். துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்துப் பிள்ளைகள் எப்போதையும்விட அதிகமாக அழுதார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை செத்த அன்றைக்கு ராஜேந்திரன் பக்கத்தில் இல்லை, ரத்தம் வாங்க வரிசையில் நின்றிருந்தான். குழந்தை சொன்னதை அவனிடம்தான் முதலில் சொல்லி அழுதிருந்தாள்.

"ஏங்க, ஷோபா கடைசியா என்ன சொல்லுச்சு? காரியத்தன்னிக்கு உங்களாண்ட சொன்னேனே?"

"என்ன கேக்கற நீ? வீட்டுக்குப் போலாம்னுதானே சொல்லுச்சு?"

"அது இல்லீங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க."

"இதுல யோசிக்க என்ன கீது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இன்னும் அது கொரலு எனக்குக் காதுல கேக்குதுடி."

ஷோபா அப்படிச் சொல்லவே இல்லை என்று சொல்ல வேதநாயகி வாயெடுத்தாள். பின்னே என்னதான் சொன்னாள் என்று அவன் திருப்பிக் கேட்டால், சொல்ல அவளிடம் எதுவும் இல்லை.