எழுபதாம் நாளில் வந்த சம்பந்தி

என் பேத்தி பிறந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. மூக்கு அப்படியே என்னுடையது. பார்த்தவர்கள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம். ஆனால் நான் சொல்ல வந்தது அவளுடைய இன்னொரு தாத்தாவைப் பற்றி.

என் சம்பந்தி டவுன் பஸ் டிரைவர். இருபத்தாறு வருஷமாக ஒரே ரூட். உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவார், ஸ்டியரிங் முன்னால் மட்டும் தூங்க மாட்டார். தன் மகன் கல்யாணத்தன்றே நாற்காலியில் குறட்டை விட்ட மனுஷன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுப்பார். யாருக்கு என்று கேட்டால், "பஸ்ல ஏறுறவங்கள யாரு என்னன்னு கேட்டா ஏத்துறேன்?" என்பார். முதல்முறை கொடுத்தது புண்ணியத்துக்காக இல்லை. ஒரு நாள் லீவு கிடைக்கும் என்று டிப்போவில் யாரோ சொன்னதை நம்பிப் போயிருக்கிறார். லீவு கிடைக்கவில்லை.

"ஆனா பத்து நிமிஷம் காலை நீட்டிப் படுத்தேன் சம்பந்தி. கல்யாணத்துக்கு அப்புறம் யாரும் எழுப்பாம படுத்தது அன்னைக்குத்தான்."

நான் துணிக் கம்பெனியில் இஸ்திரி போடுகிறவன். நாள் முழுக்க நின்றே வேலை. ஊசி என்றாலே எனக்குக் குலை நடுங்கும். "உங்களுக்கு ரத்தம் மிச்சம், எனக்கே பத்தலை" என்று அவரைக் கிண்டல் பண்ணிக்கொண்டே இருந்தேன்.

அன்று பிரசவத்தில் என் மகளுக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. அவளுடையது லேசில் கிடைக்காத நெகட்டிவ் வகை. கையிருப்பில் இருந்த ஒரே பையை ஏற்றிவிட்டார்கள். இன்னொன்று வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது, அதே வகை ரத்தம் பதிலுக்குக் கொடுத்தால்தான் அனுப்புவார்கள். நாலு மணி வரைக்கும் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

சம்பந்திக்கு அதே வகை. போன் போனதும் டூட்டி முடிந்த காக்கிச் சட்டையோடு, மாடிப்படியிலேயே கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்.

ரத்த வங்கி சிஸ்டர் அவருடைய அட்டையைப் பார்த்தார். "போன தடவை கொடுத்து எழுபது நாள்தான் ஆகுது. தொண்ணூறு ஆகணும்."

"என் மருமக சிஸ்டர்!"

"மருமகளுக்குன்னா உடம்பு இருபது நாள் தள்ளுபடி தருமா? மூஞ்சியப் பாருங்க. கடைசியா எப்ப தூங்குனீங்க?"

அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து, "யாரோ எவரோ, அவங்களுக்குப் போய்க் கொடுத்தேனே சம்பந்தி. கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"எனக்கும் அதே வகைதான்" என்றேன். கம்பெனி அட்டையில் போட்டிருக்கிறது.

"யோவ் சம்பந்தி! இவ்வளவு நேரம் வாயில என்ன கொழுக்கட்டையா?"

"பயம்தான். ஆனா தயாரா இருக்கேன். நேத்து சாயங்காலம் மகளுக்கு வலி வந்ததுல இருந்து பச்சைத் தண்ணி கூடக் குடிக்கல."

சிஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "டெஸ்ட் எடுக்கத்தான் ஐயா வெறும் வயிறு! கொடுக்கிறவங்க சாப்பிட்டுட்டு வரணும். இப்படியே படுத்தா உங்களை நாங்க தூக்கணும். போங்க, சாப்பிட்டு, தண்ணி நிறையக் குடிச்சிட்டு வாங்க."

மணி இரண்டு. சம்பந்தி என்னைக் கேன்டீனுக்கு இழுத்துப் போனார். நாலு ரொட்டி, இரண்டு வாழைப்பழம், ஒரு பாட்டில் தண்ணீர். மாட்டுக்குத் தீனி வைக்கிற மாதிரி எதிரே நின்றார்.

"விரல்ல குத்திச் சத்து இருக்கான்னு பார்ப்பாங்க. பிரஷர் பார்ப்பாங்க. அப்புறம் படுக்கச் சொல்லிக் கையில ஒரு பந்து கொடுப்பாங்க, அதை அமுக்கி அமுக்கி விடணும். ஊசி எறும்பு கடிக்கிற மாதிரி."

"எந்த எறும்பு?"

"கட்டெறும்புதான். பொய் சொல்லல."

மூன்றேகாலுக்குப் படுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சுருக்கென்றது, அவ்வளவுதான். கை கொஞ்சம் கனத்தது. பக்கத்து ஸ்டூலில் இருந்து, "அமுக்குங்க… விடுங்க" என்று சம்பந்தி ஒவ்வொரு தடவையும் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. சுவரில் தலை சாய்ந்திருந்தது.

"முடிஞ்சுது. அங்க போன் பண்ணியாச்சு, அனுப்புறாங்க" என்றார் சிஸ்டர். "உடனே எழுந்திருக்காதீங்க. கனமா எதையும் தூக்காதீங்க. நாளைக்கு இஸ்திரிப் பெட்டியத் தொட வேணாம்."

கால் மணி நேரம் படுத்து, ஜூஸ் குடித்துவிட்டு எழுந்தேன்.

"சிஸ்டர், அடுத்த ஆள் வர்ற வரைக்கும் இவரு இங்க படுத்துக்கட்டுமா?"

சிஸ்டர் காக்கிச் சட்டையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். "செருப்பைக் கழட்டச் சொல்லுங்க."

அரைத் தூக்கத்திலேயே வந்து படுத்தார். இரண்டு காலையும் நீட்டினார்.

நாலே முக்காலுக்குப் பை வந்தது. மகளுக்கு ஏறத் தொடங்கியது. விளக்குப் போடும் நேரத்தில் உதட்டில் லேசாக நிறம் தெரிந்தது. "அப்பா, சாப்டியா?" என்றாள்.

சம்பந்தியிடம் சொல்லப் போனேன். அடுத்த ஆள் யாரும் வரவில்லை. வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பேத்தியை அவர் இன்னும் பார்க்கவே இல்லை. எழுப்பக் கையை நீட்டியவன் மடக்கிக்கொண்டு, அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். மூக்கு யாருடையது என்று அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.