நடுவில் பூசாரி வரும் கேசட்

உத்திரமேரூர் பஜார் தெருவில் வஹாப் வீடியோ சென்டரின் பின்னறையில் ஓர் இரும்பு பீரோ இருந்தது. கல்யாணத்தில் சீராக வந்த பீரோ. பட்டுப் புடவைகள் இருக்க வேண்டிய தட்டுகளில் வஹாபின் மனைவி பர்சானா அடுக்கி வைத்திருந்தது வீடியோ கேம் விளம்பரக் கேசட்டுகளை. புடவைகள் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் கிடந்தன.

தொண்ணூறுகளின் நடுவில் டிவியில் செருகி விளையாடும் கேம் பெட்டிகள் சென்னையிலிருந்து சின்ன ஊர்க் கடைகளுக்கு வரத் தொடங்கின. மொத்த வியாபாரிகள் பெட்டிகளோடு ஒரு கேசட்டும் கொடுத்தனுப்புவார்கள். அதைக் கடை டிவியில் ஓடவிட வேண்டும். புது விளையாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் மின்னி மறையும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, சிலர் உள்ளே வருவார்கள். அடுத்த சரக்கு வந்ததும் பழைய கேசட்டை யாரும் சீண்டமாட்டார்கள். கடைக்காரர்கள் அதன் மேலேயே சினிமாவையோ கல்யாணத்தையோ பதிவு செய்துகொள்வார்கள். பதிவு அழியாதிருக்க அந்தக் கேசட்டுகளின் முதுகில் சின்ன பிளாஸ்டிக் பல் ஒன்றை உடைத்து அனுப்பியிருப்பார்கள்தான். ஆனால் அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் போதும். எந்த விளையாட்டும் அழிந்து, எந்த மாப்பிள்ளையும் வந்துவிடுவார்.

பர்சானா அந்த அழிவுக்குக் குறுக்கே நின்றாள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வந்தவாசி என்று எந்தக் கடையில் விளம்பரக் கேசட் இருப்பதாகக் கேள்விப்பட்டாலும் ஒரு புதுக் கேசட்டைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வருவாள். புதுசைக் கொடுத்துப் பழசை வாங்கும் பாயம்மாவைப் பார்த்துக் கடைக்காரர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேசட்டைத் திருகு கழற்றிப் பிரித்து, வெள்ளையாகப் பூத்த பூஞ்சையைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பாள். யாராவது ஒட்டியிருந்த செலோடேப்பை நகத்தால் கிள்ளி எறிவாள்.

எட்டாம் வகுப்போடு அவளுடைய படிப்பை நிறுத்தியிருந்தார்கள். மார்க் குறைந்ததால் அல்ல, வயதுக்கு வந்ததால். உடம்பு வளர்வதை அறிவு வளரக்கூடாது என்பதற்குக் காரணமாகக் காட்டும் வழக்கத்தை எல்லா மதத்தாரும் ஒற்றுமையாகக் காப்பாற்றி வந்த காலம் அது. கல்யாணமாகிக் கடைக்கு வந்தபின், ஒரு விளம்பரக் கேசட்டில் வாளோடு கோட்டைச் சுவர் ஏறும் ஒருத்தியைப் பார்த்தாள். அவளை எட்டாவதோடு நிறுத்த அந்தக் கோட்டையில் ஆள் இல்லை. அன்று தொடங்கியது இந்தச் சேகரிப்பு.

"இவ்ளோ ஆசை கீதுன்னா விளையாட வேண்டியதுதானே?" என்று வஹாப் கேட்டான்.

"விளையாடினா தோத்துப் போவோங்க. விளம்பரத்துல யாரும் தோக்கறதில்ல."

மாமனார் முகம்மது கௌஸுக்கு வேறு கவலை. "உருவப்படம் கீற வூட்டுக்கு மலக்குமாருங்க, வானத்துத் தூதருங்க, வரமாட்டாங்கம்மா" என்பார்.

"அப்போ ரேஷன் கார்டுல கீற உங்க போட்டோவைக் கிழிச்சிடலாமா மாமா?"

கௌஸ் அதற்குப்பிறகு பீரோவைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

அவளுடைய உண்மையான எதிரி முகூர்த்த மாதம். வஹாப் கல்யாண வீடியோ எடுப்பவன். தோளில் தூக்கி வைக்கும் பெரிய கேமரா, முழுக் கேசட்டே அதற்குள் போகும். தொண்ணூற்றொன்பது ஆவணியில் முகூர்த்தம் மேல் முகூர்த்தமாக வந்து கடையில் வெற்றுக் கேசட் தீர்ந்துபோனது. பர்சானாவிடம் எலும்புக் கோட்டை என்ற விளையாட்டின் கேசட் இரண்டு இருந்தன. சொன்னால் கத்துவாள் என்று வஹாப் சொல்லாமலே ஒன்றை எடுத்து, செலோடேப் ஒட்டி, சாலவாக்கத்தில் ஒரு கல்யாணத்தை அதில் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளை தினேஷ்குமார் கடைக்கு முன்னால் வந்து நின்றான். கல்யாணக் கேசட்டைப் போட்டுப் பார்க்க இவர்களிடம் வாடகைக்கு எடுத்திருந்த டெக்கைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தான். டெக்கின் மேல் விபூதிப் பட்டை. குங்குமம். ஒரு மூலையில் நூலில் கோத்த எலுமிச்சம்பழம். அதைப் படிக்கட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போனான்.

"இத்த உள்ள எடுத்துக்கினு போவாதீங்கக்கா. பேய் கீது."

பர்சானா பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "நல்ல பழம். ஜூஸ் போடலாம். இன்னா ஆச்சு, சொல்லு."

அவன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவே வந்து உட்கார்ந்து கேசட் பார்த்தது. தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, கடைசியாக மணப்பெண் கல்பனாவின் முகம் மட்டும் பெரிதாக வந்தது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை ஒரு துடி துடித்தது. கல்பனாவின் முகம் இருந்த இடத்தில் மண்டையோடு. சிவந்த கண். வாயைத் திறந்து ஒரு சிரிப்பு. யாரோ பிளக்கைப் பிடுங்கினார்கள். மறுநாளே அவனுடைய அப்பா பச்சமுத்து ஏரிக்கரையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அவ்வளவுதான், அம்மா எல்லம்மாளுக்கு விளங்கிவிட்டது. வந்த மருமகள் பெண் இல்லை.

பர்சானா பாதியிலேயே சிரித்துவிட்டாள். "அடப்பாவி! அது பேய் இல்லப்பா, எலும்புக் கோட்டை ராஜா! எங்க பழைய கேசட்டு அது. கல்யாணம் முடிஞ்ச எடத்துல, அடியில கீற படம் வந்துகீது."

தினேஷ்குமார் சிரிக்கவில்லை. "நீங்க சொன்னா எங்கம்மா கேக்குமா? நாளைக்குப் பூசாரி வர்றாரு. அவ முடிய ஒரு புடி எடுத்து, ஏரிக்கரை புளியமரத்துல வெச்சு ஆணி அடிச்சு அறுக்கணுமாம். அப்புறமும் எறங்கலன்னா மாகறலுக்கே, அவங்கம்மா வூட்டுக்கே அனுப்பிடுவோம்னு பேச்சு."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னாக்கா சொல்றது?"

"தாலி கட்டத் தெரிஞ்சுதுல்ல? பேசத் தெரியாதா?" என்றாள் பர்சானா. அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

வஹாப் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "பேஜார் புடிச்ச வேலை, பர்சானா. பழைய கேசட்டுல எடுத்தேன்னு நானே போய்ச் சொன்னா நாளைக்கு எவன் கல்யாணத்துக்குக் கூப்புடுவான்?"

"சொல்லலன்னா ஒரு பொண்ணு தலைய மரத்துல வெச்சு ஆணி அடிப்பாங்க. எது பெரிசு?"

"நம்ம மேலயே திருப்பிவுடுவாங்க. பாய் வூட்டு பேய்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். கேமராவை எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு அவள் பீரோவைத் திறந்தாள். எலும்புக் கோட்டையில் இன்னும் ஒன்று இருந்தது. வேறு எங்கு தேடியும் அவளுக்குக் கிடைக்காத கேசட் அது.

வெள்ளிக்கிழமை காலை சாலவாக்கம் போனார்கள். வஹாப் வண்டி ஓட்ட, நடுவில் டெக், பின்னால் பர்சானாவின் மடியில் கேமரா. அந்த வீட்டு வாசலில் கூட்டம் கூடியிருந்தது. பூசாரி ஏற்கெனவே வந்து, மஞ்சள் வேட்டியும் எலும்பு மாலையுமாக உட்கார்ந்திருந்தார். மூலையில் தலையை விரித்துவிட்டு உட்காரவைக்கப்பட்டிருந்த கல்பனாவுக்கு இருபது வயதுகூட இராது. அழுது முடித்து, வெறுப்பு தொடங்கியிருந்த முகம். கட்டிலில் மாவுக்கட்டுக் காலோடு பச்சமுத்து. கூடத்தில் கல்பனா வீட்டார் சீராகக் கொடுத்த கலர் டிவி பளபளவென்று இருந்தது. பெண்ணுக்குப் பேய் என்று முடிவு செய்தவர்கள், பெண் கொண்டுவந்த டிவிக்குப் பேய் இல்லை என்றும் முடிவு செய்திருந்தார்கள்.

வஹாப் முதலில் பேசினான். "தப்பு என்னுதும்மா. பழைய கேசட்டுல எடுத்துட்டேன்." பர்சானா தன் கேசட்டைப் போட்டுக் காட்டினாள். நீல நதி. விடியற்காலை. ஒரு பெண் தனியாகப் படகு வலித்துக்கொண்டு போகிறாள். தூரத்தில் கோட்டை மெல்லப் பெரிதாகிறது. பிறகு அதே மண்டையோடு, அதே சிவந்த கண், அதே சிரிப்பு.

கூட்டம் பின்வாங்கியது. எல்லம்மாள் அசையவில்லை.

"அது உன் கேசட்டுல கீற பேய், பாயம்மா. இங்க வந்தது அவ மூஞ்சிலேர்ந்து வந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்."

"பேய்க்குப் பேய் துணை" என்றார் பூசாரி. "ஒண்ணு அழைச்சா ஒண்ணு வரும்."

பயத்தை விற்பவனோடு வாதம் செய்வது எத்தனை வீண் என்று பர்சானாவுக்கு அந்த இடத்தில் புரிந்தது. விளக்கம் எத்தனை கொடுத்தாலும் அவனிடம் இன்னொரு பேய் இருப்பு இருக்கும். செய்துதான் காட்ட வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. கேசட்டின் முதுகைத் தடவிப் பார்த்தாள். உடைந்த பல்லின் பள்ளம் விரலில் பட்டது.

"செலோடேப் கீதா?" என்று வஹாபைக் கேட்டாள்.

வஹாபுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பர்சானா, இது ஒண்ணுதான் கீது. படகு போயிடும்."

"தெரியும். ஒட்டுங்க." பிறகு எல்லம்மாளிடம் திரும்பினாள். "அம்மா, இப்போ உங்களை எடுக்கறேன். நீங்க பேசி முடிச்ச எடத்துல அதே மண்டையோடு வரும். வந்துச்சுன்னா உங்களுக்கும் பேயா?"

"ஐயோ, என்னை எதுக்குடி? நான் மாட்டேன்!" எல்லம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் மூலையிலிருந்து கல்பனா முதல் முறையாகப் பேசினாள். "சாமியை எடுங்கக்கா. சாமி மேலதான் எந்தப் பேயும் ஏறாதாமே."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். மறுத்தால் பயந்ததாகிவிடும். அதோடு, அவரை இதுவரை யாரும் வீடியோ எடுத்ததில்லை. மாலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"எடு பாய். வேப்பிலை தெரியற மாதிரி எடு."

பர்சானா கேசட்டைப் பின்னோக்கி ஓட்டி, படகு புறப்படும் இடத்தில் நிறுத்தி, கேமராவுக்குள் வைத்தாள். அந்தப் படகு கோட்டைக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். எத்தனையோ மத்தியானங்கள் அதோடு கூடவே போயிருக்கிறாள். கையைக் காட்டினாள். வஹாப் பொத்தானை அழுத்தினான். பூசாரி வேப்பிலையை ஆட்டி, நாக்கைக் கடித்து, "எட்டுத் திக்கும் என் கட்டு! எவளா இருந்தாலும் எறங்கி ஓடு!" என்று முழங்கினார். கேமரா மெல்ல நெருங்கி அவர் முகத்தில் நின்றது. பர்சானா உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள். நதி, வளைவு, மரங்கள், கோட்டை வாசல். கையைக் கீழே போட்டாள். வஹாப் நிறுத்தினான்.

கேசட் டெக்குக்குப் போனது. திரையில் பூசாரி வந்தார். "நல்லா கீறாரு சாமி" என்று ஒருவர் சொன்னார். முகம் பெரிதாகியது. எறங்கி ஓடு என்று வாய் திறந்தது. திரை ஒரு துடி துடித்தது. பூசாரியின் வாய் இருந்த இடத்தில் மண்டையோட்டின் வாய் திறந்து, வீடு அதிரச் சிரித்தது.

பிறகு கட்டிலிலிருந்து ஒரு சத்தம். பச்சமுத்து, மாவுக்கட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "யோவ், எறங்கி ஓடுன்னா உன் மேலயே ஓடியாந்துட்சேய்யா! உனக்கு எந்தப் புளியமரம்?" கூட்டம் முழுக்கச் சிரித்தது.

"கருவி ஏதோ பண்ணுது" என்றார் பூசாரி.

"அதத்தானே நானும் காலையிலேர்ந்து சொல்லிக்கினு கீறேன்" என்றாள் பர்சானா.

எல்லம்மாள் மட்டும் சிரிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு வாட்டி போடு" என்றாள். போட்டார்கள். மறுபடியும் போடச் சொன்னாள். பிறகு, "அப்போ இவரு ஏன் வுயுந்தாரு?" என்று யாரையோ கேட்பதுபோலக் கேட்டாள்.

"பாசி வழுக்கிச்சுடி" என்றார் பச்சமுத்து. "அன்னிக்கே சொன்னேன். நீ எங்க கேட்ட?"

பூசாரி தட்சிணை கேட்காமல் போன அபூர்வ வெள்ளிக்கிழமை அது. கல்பனா எழுந்து, தலையை வாரிப் பின்னிக்கொண்டாள். பையில் இரண்டு புடவையை வைத்தாள். தினேஷ்குமார் பதறி, "அதான் ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சே, எங்க போற?" என்றான்.

"எங்கம்மா வூட்டுக்கு. நீங்க அனுப்பப் பாத்தீங்க, அது வேற. இப்போ நானா போறேன். உனுக்குப் பேச்சு வந்துச்சுன்னா மாகறலுக்கு வந்து பேசு."

அவன் ஒரு மாதம் கழித்துப் போய்ப் பேசினான். நன்றாகவே பேசினான் என்று கேள்வி. பொங்கலுக்கு முன்பு இருவரும் சாலவாக்கம் வந்து தனி அடுப்பு வைத்தார்கள்.

வஹாப் பயந்ததுபோல் தொழில் படுக்கவில்லை. பூசாரி மண்டையோடாகிற கேசட்டைப் பார்க்க சாலவாக்கத்திலிருந்தே ஆட்கள் கடைக்கு வந்தார்கள். வந்தவர்களில் சிலர் கல்யாணத்துக்கும் சொல்லிவிட்டுப் போனார்கள், புதுக் கேசட் வேண்டும் என்ற நிபந்தனையோடு.

பிறகு சிடி வந்தது. டெக்குகள் எடைக்குப் போயின; பர்சானா ஒன்றை மட்டும் போகவிடவில்லை. இரண்டாயிரத்து ஐந்தில் கிருஷ்ணசாமி என்பவர் சென்னையிலிருந்து தேடி வந்தார். பழைய வீடியோ கேம் சமாச்சாரங்களைச் சேர்ப்பவர். பீரோவைத் திறந்து காட்டியதும் தட்டுத் தட்டாகக் குனிந்து பார்த்தார். எலும்புக் கோட்டையைக் கையிலெடுத்து, இது எங்கேயும் இல்லை என்று சொல்லி, போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்துக்கொண்டிருந்தவர் நடுவில் திடுக்கிட்டார்.

"யாரும்மா இது? வேப்பிலையோட?"

"சாலவாக்கத்துப் பூசாரி."

"ஐயையோ. இந்த இடத்துல படகுக் காட்சி ஒண்ணு இருக்கணும்னு படிச்சிருக்கேனே. இப்படிக் கெடுத்துட்டீங்களே! இருந்தாலும் பரவாயில்ல, குடுத்துடறீங்களா?"

மற்ற கேசட்டுகளை எல்லாம் அவர் படியெடுத்துக்கொள்ளச் சம்மதித்த பர்சானா, அதை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"படகு எனக்கு மனப்பாடங்க. உங்களுக்கு வேணும்னா சொல்றேன், எழுதிக்கினு போங்க" என்றாள். "இந்தக் கேசட்டு கல்பனாவுக்கு வேணும். சந்தைக்கு வந்தா, பொண்ணைக் கூட்டிக்கினு வந்து போட்டுப் பாத்துட்டுத்தான் போவா."

செலோடேப்பை அவள் அன்றைக்கே கிள்ளி எறிந்திருந்தாள். பீரோவின் மேல்தட்டில், படகு இருந்த இடத்தில் பூசாரியோடு, அது பத்திரமாக இருந்தது.