ஆசிட்டைக் குடித்தது யார்

லீவில் திருவட்டாற்று வீட்டில் இருந்தபோது வளைகுடாவிலிருந்து மேலாளர் கூப்பிட்டார். எங்கள் ஆல்கைலேஷன் யூனிட்டில் கந்தக அமிலம் ஏகத்துக்குச் செலவாகிறதாம். அமிலத்தை வைத்துப் பெட்ரோலுக்குத் தரம் கூட்டுகிற இடம் அது. அமிலம் குறையத்தான் செய்யும். ஆனால் யூனிட் இப்படிக் குடித்துத் தீர்க்காது. கன்ட்ரோல் ரூமில் உட்காரும் பேனல் ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று அறிக்கை தயார். சூப்பர்வைசர் நான் கையெழுத்துப் போட்டால் போதும். ஆபரேட்டர் எங்கள் பக்கத்துப் புதுக்கடை ஊர்க்காரன், என் வயது. அந்த மாதம்தான் அவன் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டும். கையெழுத்து விழுந்தால் அவன் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"ஆபரேட்டர் இல்ல, தண்ணி" என்றேன், யோசிக்காமல். ரப்பர் ஊர்க்காரன் புத்தி. மழை விழுந்த ரப்பர் பால் லேசில் உறையாது, ஆசிட்டைக் கூடுதலாக ஊற்ற வேண்டும். அந்த ஞானத்தை அப்படியே ஆலைக்கும் நீட்டிவிட்டேன்.

மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். "இஞ்ச மழ பெஞ்சா அங்க வெள்ளம் கேறுமோ?"

கேறவில்லை. ஆலையில் தொட்டியை வடித்துப் பார்த்தார்கள், தண்ணீர் ஒரு சொட்டு அதிகமில்லை.

"இது உங்க ரப்பர் தோட்டம் இல்ல சார்" என்றார் மேலாளர். "கையெழுத்த அனுப்புங்க."

மானம் போனவனுக்கு ஒரு வசதி, மறுபடி போக ஒன்றும் இல்லை. ஆபரேட்டரைக் கூப்பிட்டேன்.

"சூடு கூடிச்சா?"

"இல்ல மக்கா. எல்லாம் பழையபடிதான் கெடக்கு. பியூட்டடையீன் சாம்பிள் மட்டும் எடுக்கண்டாம்னு சொல்லிட்டாவ."

"யாரு?"

"ஒனக்கு லீவு தந்த மனுசன்தான்."

பியூட்டடையீன் என்பது உள்ளே வரும் வாயுவோடு ஒட்டி வரும் அழுக்கு. அமிலத்துக்கு எமன். அதை முன்னாலேயே மடக்குகிற வினையூக்கியை மாற்றும் காலம் எப்போதோ தாண்டிவிட்டது. தள்ளிப் போட்டவர் மேலாளர். சாம்பிள் எடுக்காமல் கையெழுத்து கிடையாது என்று எழுதி அனுப்பினேன். எடுத்தார்கள். எகிறிக் கிடந்தது.

"சரி, அதையும் சேர்ப்போம்" என்றார் மேலாளர். "கவனக்குறைவும் ஒரு வரி இருக்கட்டும்."

"இருக்காது."

"அப்ப உங்க தண்ணிக் கதைய நான் மேல சொல்ல வேண்டி வரும்."

"நீங்க எதுக்கு மெனக்கெடணும்? நானே எழுதறேன்."

எழுதினேன். முதல் வரியில் என் தப்பு: தண்ணீர் என்றேன், தண்ணீர் இல்லை. இரண்டாவது வரியில் பியூட்டடையீன், நிறுத்தப்பட்ட சாம்பிள், நிறுத்தச் சொன்னவரின் பதவி. மூன்றாவது வரிக்கு அவர் இடம் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாவது வரியை ஒட்டினாற்போலக் கையெழுத்துப் போட்டேன், நடுவில் ஒரு எழுத்துகூட நுழையாதபடி.