மாமாவின் துவக்குக்குப் புதுக்குழல்

எங்கள் விம்பிள்டன் வீட்டின் மாடிப்படிக்குக் கீழே ஓர் இரும்பு அலுமாரி இருந்தது. அதற்குள் மாமாவின் துவக்கு. பிரிட்டிஷ் பட்டாளம் எப்போதோ கழித்துவிட்ட பழசு. மாமா முறைப்படி லைசன்ஸ் எடுத்து வாங்கியது. ஞாயிறுதோறும் அதைத் தூக்கிக்கொண்டு, இலக்கு வைத்துச் சுடும் கிளப் ஒன்றுக்குப் போவார். மற்ற வீட்டு மாமாமார் கிரிக்கெட் பார்த்தார்கள். எங்களுக்கு வாய்த்தது இப்படி.

அம்மாவுக்குத் தன் தம்பியில் அரை நம்பிக்கைதான். அம்மா லண்டன் வந்து எட்டு வருடம் கழித்துத்தான் மாமா வந்து சேர்ந்தார். அத்தனை காலமும் ஊரில் நடந்த சண்டைக்குள் என்ன செய்தாய் என்று கேட்டால், "இருந்தன்" என்பார், அவ்வளவுதான். லைசன்ஸ் விஷயமாக அலுமாரியைப் பார்க்க வந்த பொலிஸ்காரருக்கு அம்மா வடையும் தேத்தண்ணியும் கொடுத்து, அவர் கேட்காமலே, நாங்கள் ஒருவரும் எந்த இயக்கத்திலும் இருக்கவில்லை என்று சத்தியம் பண்ணினார். பாவம், அந்த மனுசன் வடையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்.

எனக்குப் பதினொரு வயதானபோது மாமா புதுக்கதை தொடங்கினார். துவக்கின் குழல் தேய்ந்துவிட்டதாம். சுடுவது ஒன்றும் இலக்கில் படவில்லையாம். வேறு குழல் போட வேண்டுமாம். அதற்குப் பொலிசிடம் அனுமதி கேட்டு எழுத வேண்டும். வீட்டில் ஆங்கிலக் கடிதம் எழுதுவது நான்தான். கவுன்சில் முதல் டொக்டர் வரை எல்லோருக்கும் பெரிய மனுசி மாதிரி எழுதித் தள்ளுவேன்.

அம்மா கடிதத்தை மறித்துவிட்டார்.

"குழலை மாத்தினால் அதிலை இருக்கிற நம்பரும் போயிடும். உவன் என்னத்தையோ மறைக்கப் பாக்கிறான்" என்று குசினி அடுப்படியில் என்னிடம் குசுகுசுத்தார். மாமாவிடம் நேராகவே சொன்னார்: "அந்தச் சனியனுக்குப் புதுக்குழல் போடுறதெண்டால் வேறை வீடு பார் தம்பி. இது பிள்ளை இருக்கிற வீடு."

"அது நேரை சுட்டால் எனக்குக் காணும் அக்கா. வேறை ஒண்டுமில்லை" என்றார் மாமா, சோற்றைப் பிசைந்தபடியே.

மாமா வீட்டைவிட்டுப் போவதை நினைத்தால் எனக்கு அழுகை வந்தது. ஆனால் சந்தேகத்தில் நான் அம்மாவையும் மிஞ்சியவள். அவருடைய பையைக் கிளறினேன். சுட்ட இலக்குத் தாள்கள் இருந்தன. எல்லா ஓட்டைகளும் மூலைகளில். சில தாள்களில் ஓட்டையே இல்லை. வேண்டுமென்றே பிழையாகச் சுட்டுவிட்டு எங்களைப் பேய்க்காட்டுகிறாரோ?

அடுத்த ஞாயிறு அம்மா என்னையும் அவரோடு அனுப்பினார், உளவு பார்க்கத்தான்.

கிளப்பில் துவக்குத் திருத்தும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் குழலுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு தானே பாயில் படுத்து அதே துவக்கால் ஐந்து தரம் சுட்டார். ஐந்தும் இலக்கின் நடுக்கறுப்பில். குழலில் ஒரு குறையும் இல்லை, மாற்றுவது வீண் வேலை என்றுவிட்டு, மாமாவைச் சுடச் சொன்னார்.

காதை மூடும் கவசத்தோடு நான் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். விசையை அழுத்த முதல் இரண்டு கண்களையும் இறுக்கி மூடினார். தோள் உயர்ந்தது. முழு உடம்பும் சுருங்கிப் பாயோடு ஒட்டியது. ஒவ்வொரு தரமும் அப்படித்தான். கிழவரும் பார்த்தார். மாமாவின் முதுகில் கையை வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் குசினிக்கு ஓடினேன். "அம்மா, குழல்லை பிழையே இல்லை! மாமா கண்ணை மூடிக்கொண்டு சுடுறார்! வெடிச் சத்தத்துக்குப் பயம்!"

அம்மா சிரிப்பார் என்றிருந்தேன். அவர் அடுப்பை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போனார். மாமா அங்கே குனிந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருடைய தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்து, "என்னட்டைச் சொல்லியிருக்கலாமேடா" என்று அம்மா பெரிதாக அழுதார்.

மாமா வேறு வீடு பார்க்கவில்லை. குழலையும் மாற்றவில்லை. ஞாயிறு போவதையும் நிறுத்தவில்லை. அம்மாவே சாப்பாடு கட்டிக் கொடுத்தார். சண்டைக்குள் கேட்ட அதே சத்தத்துக்கு ஓடாமல் பாயில் படுத்துக் கிடப்பதற்கு அந்த மனுசன் என்ன பாடுபட்டிருப்பார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அம்மா இல்லாத நேரமெல்லாம், "மாமா பயந்தாங்கொள்ளி" என்று அவருக்குப் பின்னாலேயே பாடிக்கொண்டு திரிந்தேன். அவரும் சிரித்துக்கொண்டு, "ஓம் பிள்ளை, ஓம்" என்றார்.