ஷிமேயம்மா நம்பாத நூல்

ஃபூஜி மலையே வந்து "நான் மலைதானா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று நின்றாலும், ஷிமேயம்மா அதை முகர்ந்துவிட்டு, "எடை கூட்ட நனைச்சிருக்காங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஜோஷூ மாகாணத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தில் நாற்பது வீடுகளில் பட்டு நூற்கிறோம். அத்தனையையும் சங்கக் கூடத்தில் சோதித்து, ஒரே முத்திரைச் சீட்டு ஒட்டி யோகோஹாமா துறைமுகத்துக்கு அனுப்புவோம். இந்தப் பட்டை விற்றுத்தான் அரசாங்கம் இரும்புக் கப்பல் வாங்கப் போகிறதாம். சோதிப்பது ஷிமேயம்மா. ஈரம் பார்க்கக் கன்னம், எடை கூட்டத் தடவிய கஞ்சியைப் பிடிக்க நாக்கு. ஒருமுறை நூலில் கடுகு தடவி வைத்தேன். நக்கினார். கண்கூடக் கலங்கவில்லை. "கஞ்சி இல்ல, கடுகு. கழுவிக் கொண்டா."

வரிசையில் நின்ற ஒருத்தி கேட்டாள்: "புருஷனையும் இப்படிப் பாத்துத்தான் கட்டினீங்களா, ஷிமேயம்மா?"

"கட்டினப்புறம்தான் பாத்தேன். அந்தத் தப்பை நூல்ல செய்யமாட்டேன். வாங்குற வெள்ளைக்காரனுக்கு உன்னைத் தெரியாது, என்னைத் தெரியாது. சீட்டைத்தான் தெரியும். ஒருத்தி ஏமாத்தினா நாப்பது வீட்டுக்கும் விலை போச்சு."

மூன்று முறை நூல் தள்ளுபடியானால் அந்த வீட்டைச் சங்கத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். என் பக்கத்து வீட்டுப் பெண் தொகுவுக்கு இரண்டு ஆகிவிட்டது. பட்டுக்கூட்டை வேகவைக்கும் கொதிநீர் இடது கையில் கொட்டி, விரல்கள் இன்னும் மடங்கவில்லை. அவள் நூல் புழு ஊர்ந்ததுபோல் தடித்தும் மெலிந்தும் கிடந்தது. அவள் தாயில்லாத இரண்டு தம்பிகளுக்குச் சோறு போடுவது அந்த நூல்தான்.

அன்று காலை, யாரும் பார்க்காதபோது, அவள் சுருளின் பெயர்ச்சீட்டையும் என்னுடையதையும் மாற்றிக் கட்டினேன். எனக்கு இதுவரை ஒரு தள்ளுபடியும் இல்லை. ஒன்று போனால் போகட்டும்.

ஷிமேயம்மா தொகுவின் பெயர் தொங்கிய சுருளை வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார். என் பெயருள்ள சுருளைத் தொட்டதும் தூர எறிந்தார்.

"தள்ளுபடி."

தொகு எதுவும் புரியாமல் என்னையும் அவரையும் பார்த்தாள். நான் நல்ல பிள்ளையாகத் தலைகுனிந்து, எறிந்த சுருளை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன்.

"ரியோ, நில்லுடி."

நின்றேன்.

"இந்த ஊர்ல அறுந்த நூலுக்கு இடது கையால முடிச்சு போடறவ நீ ஒருத்திதான். தொகு எப்போலேர்ந்து இடது கைக்காரி ஆனா?"

சுருளை வலது கைக்கு மாற்றி, இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"நூல் நல்ல நூல். குத்தினது குத்தினதுதான். தள்ளினதும் தள்ளினதுதான். உனக்கு இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு, பாத்துக்கோ."