ஆர்லிஸ் கேட்ட டிரெய்லர்

வட டகோடாவில் இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் ஆர்லிஸ். ஓய்வு பெற்றதும் ஊர் சுற்றக் கிளம்பப்போகிறாள் என்றபோது, எஞ்சினும் வீடும் ஒன்றாய் இருக்கும் பெரிய மோட்டார்ஹோமைத்தான் வாங்குவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். கணவன் வெர்லினும் அதைத்தான் ஆசைப்பட்டான். விற்பனைக் கூடத்தில் ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"டிரெய்லர் வீடு போதும்" என்றாள் ஆர்லிஸ். "உன் பிக்கப் டிரக்ல மாட்டி இழுத்துக்கலாம்."

"பஸ்ஸே ஓட்டினவ, இதுக்குப் போய்ப் பயப்படுறியா?" என்று கேலி செய்தான். அவள் சிரித்து மழுப்பினாள்.

உண்மைக் காரணம் வேறு. ஈஸ்டர் அன்று சர்ச்சிலிருந்து திரும்பும்போது, விதைக்கிழங்கைப் பற்றிப் பேசிக்கொண்டே வண்டி ஓட்டியவன் சட்டென்று பேச்சு நின்று உறைந்துபோனான். கண் திறந்தே இருந்தது. மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிக்கப் சாலை நடுவே இருந்த மஞ்சள் கோட்டை நோக்கி நகர்ந்தது. பிறகு விட்ட இடத்திலிருந்து அதே வாக்கியத்தைத் தொடர்ந்தான். நடுவில் எதுவுமே நடக்காததுபோல. டாக்டர் என்றாலே சீறினான். நாற்பது வருடத்தில் தன் வண்டியை அவளிடம் கொடுத்து அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை.

அந்த மோட்டார்ஹோமில் பக்கத்து இருக்கையிலிருந்து அவள் கையை நீட்டிப் பார்த்திருந்தாள். இரண்டு இருக்கைக்கும் நடுவே எஞ்சின் மேடு. விரல் எதையும் எட்டவில்லை. பிக்கப்பிலோ டிரெய்லருக்கென்று தனி பிரேக் உண்டு. அதன் சின்ன நெம்புகோல் அவன் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும். அது எட்டும்; அழுத்தினால் முன்னால் போகும் வண்டியும் நிற்கும்.

செப்டம்பரில் அரிசோனாவை நோக்கிக் கிளம்பினார்கள். வழியெல்லாம் அவள் சாலையைவிட அவன் இமைகளையே பார்த்தாள். இமைக்கும்வரை காத்திருந்தாள். மூன்றாம் நாள் வயோமிங்கில் காற்று வலுத்தது. இறக்கத்தில் டிரெய்லர் பின்னால் மெல்ல ஆடத் தொடங்கியது.

"மத்தியானம் சூப் சூடு பண்ணலாமா, இல்ல..." என்றவன் பாதியில் உறைந்தான்.

அவள் கூப்பிடவில்லை. பெல்ட்டை அவிழ்த்தாள். கியரை நியூட்ரலுக்குத் தட்டினாள். ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, மறு கையால் நெம்புகோலை அழுத்தினாள். டயர் தேயும் நாற்றம் உள்ளே வந்தது. ஒரு லாரி ஹாரனை அலறவிட்டபடி உரசுவதுபோல் கடந்தது. சரளைக்கல் ஓரத்தில் வண்டி நின்றது.

"...சாண்ட்விச்சே போதுமா?" என்றான் வெர்லின். பிறகு சுற்றிலும் பார்த்தான். "ஏன் நின்னுருக்கோம்?"

"சாவியக் குடு."

அவள் முகத்தைப் பார்த்தவன் சாவியைக் கழற்றிக் கொடுத்தான்.

"எப்பலேருந்து உனக்குத் தெரியும்?" என்று கேட்டான்.

"ஈஸ்டர்லேருந்து."

அவன் தன் கைகளைப் பார்த்தான். "எனக்குப் போன நவம்பர் நன்றித் திருநாள்லேருந்தே தெரியும், ஆர்லிஸ். அன்னைக்கும் ஓட்டும்போதுதான் ஆச்சு. பின்சீட்ல பேத்திங்க ரெண்டு பேரும் இருந்தாங்க."

அவள் இறங்கிச் சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் அறுபது மைல் தள்ளி இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எதையாவது கேட்டுக்கொண்டே ஓட்டினாள். சில கேள்விகளுக்குப் பதில் வந்தது. சிலவற்றுக்கு வரவில்லை. அது கோபமா, மறுபடி உறைந்துவிட்டானா என்று தெரியவில்லை. டிரெய்லரை ஆட்டிய காற்று, சாலையை விட்டுத் திரும்பிப் பார்க்க விடவில்லை.