ருசி வால்வு

புளியங்கொட்டாயில் மாதேஸ்வரனை ருசிக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். சமையல்காரனுக்குக்கூட வாய்க்காத பெயர். அவன் செய்வதென்னவோ தண்ணீரைச் சுத்தம் செய்கிற வேலை.

ஐடிஐ முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தவன் அங்கேதான் ஆர்.ஓ. பிளாண்ட் மாட்டப் பழகினான். கல்யாண மண்டபம், ஓட்டல், ஆஸ்பத்திரி என்று பொம்மிடியிலிருந்து பென்னாகரம் வரை அவன் கைபட்ட பிளாண்டுகள் நிறைய. சத்தத்தை வைத்தே மோட்டார் காற்றுப் பிடித்திருக்கிறதா, வடிகட்டுகிற மெம்பரேன் அடைத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவான். ஏரியூர்ப் பக்கம் சொந்த ஊரில் தகரக் கொட்டகை போட்டுத் தனக்கென்று ஒரு பிளாண்ட் வைத்தபோது ஊரே வந்து வேடிக்கை பார்த்தது.

ஊருக்கு அது தேவையாகத்தான் இருந்தது. அங்கே போர் தண்ணீரில் ஃப்ளோரைடு. பல்லில் காவி ஏறும். வயது ஏறினால் முட்டி மடங்காது. அதற்கு மருந்து கிடையாது. குடிக்கிற தண்ணீரை மாற்றுவது ஒன்றுதான் வழி.

ஆனால் முதல் வாரமே கேன்கள் திரும்பி வந்தன. முதலில் வந்தது டீக்கடை முனியம்மாள்.

"ஏப்பா மாதேசு, என்ன தண்ணி இது? வாயில வெச்சா சப்புன்னு இருக்குது. மழைத்தண்ணியில டீ போட்டாப்புல, ஒருத்தனும் ரெண்டாவது டீ கேக்க மாட்டேங்கறான்."

"அக்கா, சுத்தமான தண்ணின்னா அப்படித்தான் இருக்கும்."

"உன் சுத்தத்த நீயே குடி. நான் கைப்பம்புக்கே போறேன்."

முனியம்மாள் போனால் பின்னாலேயே ஊரும் போகும். அன்றைக்குத்தான் மாதேஸ்வரன் அந்த வால்வைத் திறந்தான். மெம்பரேனுக்குள் நுழையாமல் கொஞ்சம் போர் தண்ணீர் சுற்றி வந்து சுத்தத் தண்ணீரோடு கலப்பதற்கு ஒரு சின்னக் குழாய் இருக்கும். அதில் நீலக் கைப்பிடி போட்ட வால்வு. வெறும் உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் அவன் எத்தனையோ பிளாண்டில் அப்படித் திறந்து வைத்திருக்கிறான். கால் திருப்புத் திருப்பி ஒரு டம்ளர் பிடித்து நீட்டினான்.

முனியம்மாள் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தாள். "இது தண்ணி. மொதல்லயே இதக் குடுக்கறதுக்கு என்ன கேடு?"

அதிலிருந்து அதற்கு ருசி வால்வு என்று பெயர். "ருசிய கொஞ்சம் தூக்கி வுடுங்க" என்று ஆள் மாற்றி ஆள் வந்து கேட்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றுவான். மீட்டரை வைத்துப் பார்த்தால் எண் எல்லைக்குள்தான் நிற்கும். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். அதில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று காட்டாது. இது மாதேஸ்வரனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை நினைக்காமல் இருந்தான்.

அன்பரசி அங்கன்வாடியில் சமைக்கிறவள். சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். பல் முழுக்கக் காவி. பெண் பார்க்க வந்த இடத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்து, ஊமையோ என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்ட கதையை அவளே சொல்லிச் சிரிப்பாள், முந்தானையை வைத்துக்கொண்டு. மாதேஸ்வரன் பிளாண்ட் வைத்த வருடம் அவளுக்குப் பெண் பிறந்தது. தேவிப்பிரியா. பால்பொடி கரைப்பதிலிருந்து கஞ்சி காய்ச்சுவது வரை கேன் தண்ணீர்தான். ஊருக்குப் போனால்கூட பையில் ஒரு பாட்டில் போகும்.

"என் பல்லு போனது போவுது. இவ வாயத் தொறந்து சிரிக்கணும்ணா" என்பாள்.

பால்பல் விழுந்து முளைத்த பல்லில் முதலில் சுண்ணாம்பு அடித்தாற்போல வெள்ளைத் திட்டு. அப்புறம் அதன் நடுவில் பழுப்புக் கோடு. மாதேஸ்வரன் அதைப் பார்த்தான். தண்ணீர் பிடிக்க வந்த குழந்தை கொட்டாவி விட்டபோது பார்த்தான். பார்த்துவிட்டு மோட்டாரை அணைக்கப் போனான், அணைக்க வேண்டிய நேரமாக இல்லாதபோதும்.

போன ஆடியில் ஒரு சாயங்காலம் அன்பரசி மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பிளாண்டுக்கு வந்தாள். குழந்தையின் கன்னம் வீங்கியிருந்தது.

"மாமாகிட்டயே கேளு. கேன் தண்ணி மஞ்சளாவுமான்னு கேளு."

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குத் தண்ணீர் சோதனை காட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பம்புத் தண்ணீரோடு ஒப்பிட்டுக் காட்ட, வீட்டுக் கேன் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவரும் வேலை தேவிப்பிரியாவுக்கு. மருந்து விட்டால் ரோஸ் நிறம் அப்படியே நிற்பது நல்ல தண்ணீர். மஞ்சளுக்குப் போனால் ஃப்ளோரைடு. தேவிப்பிரியா கொண்டுபோனது மஞ்சளாகிவிட்டது.

"ராஜாமணி சாரே சொல்லிட்டாருண்ணா, ஆர்.ஓ. தண்ணி மஞ்சளாவாது, இவ சோம்பேறித்தனமா ஸ்கூல் பம்புல பிடிச்சிருக்கான்னு. இப்பதான் எனக்குப் புரியுது. தெனமும் அங்கதான் குடிச்சிருக்கா. நான் கேன் சொமக்கறேன், இவ பம்புல வாய் வெக்கறா. பல்லு பின்ன எப்படி இருக்கும்?"

"நான் குடிக்கல" என்றாள் குழந்தை. அழுது முடித்த குரல்.

"நாளைக்கு நானே என் கையால இங்க பிடிச்சு எடுத்துட்டுப் போறேன். சாரு மறுபடி டெஸ்ட் பண்றேன்னு சொல்லியிருக்காரு. அப்ப தெரியும், யார் பொய்யின்னு."

யாரும் தண்ணீரைச் சந்தேகப்படவில்லை. அவனைச் சந்தேகப்படவில்லை. மாதேஸ்வரனுக்கு உண்மை வாய் வரை வந்தது. "வுடு அன்பரசி, சின்னப் புள்ள" என்று மட்டும் சொன்னான்.

அவர்கள் போனதும் வால்வை இறுக மூடினான். மரை தேயும் அளவுக்கு மூடினான். இனிமேல் ஒரு சொட்டுக்கூடக் கலக்காது. தொட்டியைக் காலி செய்து புதுத் தண்ணீர் ஏற்றினான். கொஞ்சம் மூச்சு வந்தது. வீட்டுக்குப் போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நாளைக்கு அன்பரசி பிடித்துப்போகும் தண்ணீர் ரோஸ் நிறத்திலேயே நிற்கும். ரோஸாக நின்றால் அந்தக் குழந்தை பொய்க்காரி. சோதனையே சாட்சி சொல்லிவிடும்.

"என்ன, சோத்தப் பெசஞ்சுகிட்டே இருக்கீங்க?" என்றாள் மனைவி பானுமதி.

அவளிடம் சொன்னான். இத்தனை வருடத்தில் முதல் தடவை வாய்விட்டுச் சொன்னது.

"ஊரே பிளாண்ட ஒடைக்க வரும்" என்றாள். அப்புறம், "நம்ம வூட்டுக்கும் அதே தண்ணிதானே?" என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர்கள் வீட்டுக்கு வருவது போர் தண்ணீர் கலப்பதற்கு முன்னாலேயே பிடித்த சுத்தத் தண்ணீர். அது அவளுக்கும் தெரிந்ததுதான். தெரிந்தேதான் கேட்டாள்.

காலையில் அன்பரசி வருவதற்கு முன்பே வால்வைப் பழையபடி திறந்து ஒரு பாட்டில் பிடித்தான். மூடி, குழாயைக் கழுவி, இன்னொரு பாட்டில் பிடித்தான். அவள் வந்து தன் பாட்டிலைப் பிடித்ததும் பள்ளிக்கூடத்துக்கு அவளோடே நடந்தான். "நீ எதுக்குண்ணா?" என்றாள். "இருக்கட்டும்" என்றான்.

ராஜாமணி சார் மேசையில் கண்ணாடிக் குழாய்களை வைத்தார். அன்பரசியின் தண்ணீர் ரோஸாக நின்றது. அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். மாதேஸ்வரன் தன் இரண்டு பாட்டில்களையும் மேசையில் வைத்தான்.

"சார், இதையும் பாருங்க."

அவனுடைய ஒன்று ரோஸ். மற்றது மெல்ல வெளுத்து மஞ்சளுக்கு வந்தது.

"பம்புத் தண்ணியா?" என்றார் சார்.

"ரெண்டும் நம்ம பிளாண்டுதாங்க. ஊரு இத்தன வருசம் குடிச்சது மஞ்சளுங்க. நேத்து சாயந்தரந்தான் மூடுனேன். புள்ள கேன் தண்ணிதான் கொண்டாந்துச்சு. பொய் சொல்லல."

அன்பரசிக்கு முந்தானை தானாக வாய்க்குப் போனது. சிரிப்பதற்கு அல்ல.

"ருசி வால்வா?" என்றாள்.

"ஆமா."

"நான் ஒருநாளாவது ருசி கேட்டனாண்ணா?"

கேட்டதில்லை. அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"எங்கிட்ட நிக்காத. அடி வாங்குனது அவ."

மாதேஸ்வரன் குழந்தை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். என்ன சொன்னான் என்று அவனுக்கே ஞாபகமில்லை. அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கேட்டாள். அவன் முடித்ததும் அம்மாவைப் பார்த்து, "நான் சொன்னேன்ல" என்றாள். சொல்லும்போது கை வாய்க்கு முன்னால் இருந்தது. அந்தப் பழக்கம் அதற்குள் வந்துவிட்டிருந்தது.

ஊர் பிளாண்டை உடைக்கவில்லை. திட்டினார்கள், ஒரு வாரம் யாரும் வரவில்லை, பிறகு வேறு வழியில்லாமல் வந்தார்கள். வால்வு இருந்த சின்னக் குழாயை அறுத்து இரண்டு பக்கமும் மூடி போட்டு ஒட்டிவிட்டான். முனியம்மாள் மட்டும் இன்னும், "சப்புன்னு இருக்குதுடா, எத்தன நாளைக்கு இந்தத் தண்டன?" என்கிறாள். அவன் அவள் கேனை நிரப்பிக் கொடுக்கிறான்.

தேவிப்பிரியா தினமும் வருகிறாள். கேனை வைப்பதற்கு முன் உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து நாக்கை வைத்துப் பார்க்கிறாள். மாதேஸ்வரன் மோட்டார் பக்கம் கையை வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தபடி காத்திருக்கிறான்.

"சப்புன்னு இருக்குது" என்கிறாள். அப்புறம்தான் கேனை நகர்த்தி வைக்கிறாள்.